பழைய ஸ்போர்ட்ஸ் காரில் தண்ணீர் குறைவும் என்ஜின் சூடும்: காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடித்தல்

யாழ்ப்பாணத்தில் பழைய பிரித்தானியக் கார் என்பது பார்வைக்கு வைக்கும் பொருள் அன்று. ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ் ஏ55, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகியவை இங்கே வாடகைக் காராகவும் கலியாணக் காராகவும் தலைமுறை கடந்து ஓடியவை. பெற்றோல் கிடைக்காத 1990களில் தொடங்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் விட்டு, மிகுதித் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டி முடித்தவையும் அவையே. இப்போது இளையவர்கள் சிலர் கொட்டிலில் கிடந்த எம்.ஜி.பி., மிட்ஜெற், ஸ்பிற்ஃபயர் போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கித் திருத்தத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் முதல் மாதத்திலேயே என்னிடம் கேட்கும் கேள்வி, என்ஜின் தண்ணீரை ஆற்றும் றேடியேற்றரை மாற்ற வேண்டுமா என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் செய்து பார்க்க வேண்டியவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு எம்.ஜி.பி.யை எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது அது என்பது ஒரு காரணம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் உருவான அந்தக் காரின் 1798 சிசி என்ஜின், ஏ55இலும் மொறிஸ் ஒக்ஸ்போட்டிலும் இருந்த 1489 சிசி என்ஜினின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பது மற்றக் காரணம். ஆகவே ஸ்போர்ட்ஸ் காருக்கு மெக்கானிக் எங்கே தேடுவது என்று கலங்க வேண்டியதில்லை. ஏ55இல் கைபழகிய முதியவர் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், அவருக்கு இந்த என்ஜின் தெரிந்த முகம்.

என் காரில் தண்ணீர் குறையத் தொடங்கியபோது ஒரு கராச்சில் காட்டினேன். பொனற்றைத் திறந்தவுடனேயே றேடியேற்றரின் உட்பகுதியைப் புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். போட்டேன், செலவு சிறியதன்று. அடுத்த வாரமும் தண்ணீர் குறைந்தது. பிறகுதான் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பழைய மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. "தம்பி, பம்புக்குக் கீழை ஒருக்கா விரலாலை தடவிப் பாரும்" என்றார். தடவினேன். விரல் நுனியில் துருநிறத்தில் ஈரம் ஒட்டியிருந்தது. பழுதானது றேடியேற்றர் அன்று, வோட்டர் பம்ப். அந்த விரல் தடவலை முதலில் செய்திருந்தால் மிச்சமாகியிருக்கும் பணத்தை நினைத்துத்தான், எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் தண்ணீர் எந்த வழியால் போகிறது என்பதைக் கண்ணால் கண்டுவிடுங்கள் என்று புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரியுங்கள்

தண்ணீர் குறைகிறதா என்பது ஒரு கேள்வி. என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறதா என்பது வேறொரு கேள்வி. தண்ணீர் குறைந்தால் என்ஜின் சூடாகும். என்ஜின் சூடானால் தண்ணீர் கொதித்து வெளியேறும். ஒன்று மற்றதைப் பிறப்பிப்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் எது முந்தியது என்பது தெரியாமல் செய்யும் திருத்தம் எல்லாம் குருட்டு வேலைதான். தண்ணீர் மட்டம் சரியாக இருக்கும்போதே வெப்பம் காட்டும் மானியின் முள் ஏறுகிறது என்றால் ஒழுக்கைத் தேடிப் பயனில்லை. முள் நடுவில் நிற்கும்போதே மட்டம் இறங்குகிறது என்றால், சூட்டுக்கேற்பத் தண்ணீரின் பாதையைத் திறந்து மூடும் தேர்மோஸ்ரற்றை மாற்றிப் பயனில்லை.

இதைப் பிரித்தறிய ஒரு தென்னை ஈர்க்கும் சிறு கொப்பியும் போதும். என்ஜின் இரவு முழுவதும் ஆறிக் கிடந்த பின், காலையில் றேடியேற்றர் மூடியைத் திறந்து, ஈர்க்கை உள்ளே இருக்கும் குழாய்களின் தலையில் முட்டும் வரை இறக்கி, நனைந்த அளவை நகத்தால் கீறி அடையாளம் செய்யுங்கள். ஒரு வாரம் ஓடுங்கள். ஒவ்வொரு நாளும் ஓடிய தூரம், முள் நின்ற இடம், ஈர்க்கின் அளவு மூன்றையும் எழுதுங்கள். குழாய்கள் வெளியே தெரியும் அளவுக்கு மட்டம் இறங்கினாலன்றி அந்த ஒரு வாரத்தில் தண்ணீர் விடாதீர்கள்.

தண்ணீர் விடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆரம்பகால எம்.ஜி.பி.யில் இன்றைய கார்களில் உள்ளதுபோல் மிகுதித் தண்ணீரைப் பிடித்து வைக்கும் போத்தல் இல்லை. றேடியேற்றர் கழுத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் நேராக நிலத்தை நோக்கி இறங்கும், அவ்வளவுதான். தண்ணீர் சூடாகும்போது விரிவடையும். கழுத்து வரை நிரப்பி வைத்திருந்தால் விரிந்த பங்கு அந்தக் குழாயால் வெளியே போய்த்தான் தீரும். காலையில் பார்ப்பவர் ஓரங்குலம் குறைந்திருக்கிறதே என்று மீண்டும் கழுத்து வரை நிரப்புவார். அன்று மாலை அதுவும் போகும். காரில் பழுதே இல்லாமல், மாதக்கணக்கில் ஒழுக்குத் தேடியவர்களை நான் அறிவேன். கழுத்துக்குக் கீழே ஏறத்தாழ ஓரங்குலம் வெற்றிடம் இருப்பதே இந்தக் கார்களுக்கு இயல்பான மட்டம். அந்த இடத்தில் மட்டம் நிலைத்து நின்றால் உங்களுக்கு ஒழுக்கு இல்லை. அதற்கும் கீழே நாளுக்கு நாள் இறங்கினால் மட்டுமே அடுத்த படிக்குப் போங்கள்.

ஓர் எச்சரிக்கையை இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். சூடான என்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி அமுக்கத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும்; மூடி திறந்த கணத்தில் அத்தனையும் ஒரேயடியாகக் கொதித்து முகத்தை நோக்கிப் பாயும். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பார்த்து, அது குளிர்ந்து தளர்ந்திருந்தால் மட்டும், மடித்த துணியால் மூடியைப் பிடித்து, முதல் தடுப்பு வரை திருப்பி, சீறல் அடங்கிய பின் கழற்றுங்கள்.

ஆறிய என்ஜினில் கண்ணாலும் விரலாலும்

இரவில் காரை நிறுத்தும்போது என்ஜினுக்குக் கீழே பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து, முன்சில்லுகள் நிற்கும் இடத்தைத் தாளில் கோடிட்டு வையுங்கள். காலையில் நனைந்த இடம் காரின் எந்தப் பாகத்துக்கு நேரே கீழே இருக்கிறது என்பதை அந்தக் கோடு காட்டும். ஆனால் தண்ணீர் எப்போதும் ஒழுகும் இடத்தில் சொட்டுவதில்லை. இரும்பின் மேல் ஊர்ந்து, தாழ்ந்த இடத்தைத் தேடிப் போய்ச் சொட்டும். எனவே தாள் காட்டுவது திசையை மட்டுமே. அங்கிருந்து மேல்நோக்கித் தேட வேண்டும்.

எங்கள் ஊரில் இந்தத் தேடலுக்கு ஓர் உதவி உண்டு. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல் என்பதால் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு நிறைந்திருக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். கிணற்றுத் தண்ணீர் விட்டு ஓடிய என்ஜினில் ஒழுகும் இடம் ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஆவியாகி, சுண்ணாம்பு வெள்ளைத் தழும்பாக நின்றுவிடும். தண்ணீரில் கலக்கும் கூலன்ற் திரவம் விட்டிருந்தால் அதே தழும்பு பச்சையாகவும், பித்தளையின் மேல் நீலப்பச்சையாகவும் தெரியும். ஈரம் காய்ந்துவிட்டாலும் தழும்பு போகாது. ரோர்ச் லைற்றைப் பக்கவாட்டில் பிடித்துத் தேடுங்கள்; நேராகப் பிடித்தால் வெளிச்சம் தழும்பை மறைத்துவிடும்.

றேடியேற்றரில் பார்க்க வேண்டியவை மேல் தொட்டியும் கீழ்த் தொட்டியும் நடுப்பகுதியோடு சேரும் ஈயப் பற்றுகள், ஹோஸ் பூட்டும் கழுத்துகள், பக்கச் சட்டத்தைப் பிடிக்கும் இடங்கள் ஆகியவை. தீவகப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் மெல்லிய செதில்களையும் கவனிக்க வேண்டும். பண்ணைப் பாலத்தில் இருபுறமும் கடலிலிருந்து அடிக்கும் உப்புக்காற்று செதில்களை அரித்து, கை பட்டால் தூளாக உதிரும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். செதில் போன றேடியேற்றர் ஒழுகாவிட்டாலும் சூட்டை வெளியேற்றாது.

ஹோஸ்களை வெறுமனே பார்க்காமல் பிசைந்து பாருங்கள். நல்ல றப்பர் அழுத்தினால் அமிழ்ந்து மீளும். பழையது சொரசொரவென்று உள்ளே நொறுங்குவது விரலுக்குத் தெரியும். அல்லது எண்ணெய் பட்டு ஊதிக் கொழகொழத்திருக்கும். கிளிப்புக்கு அடியில் உள்ள வெடிப்பு கிளிப்பைக் கழற்றினாலன்றித் தெரியாது.

அடுத்தது வோட்டர் பம்ப். பம்பின் கழுத்துக்கு அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால், தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வரட்டும் என்பதற்காகவே அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். என் விரலில் பட்ட ஈரம் அங்கிருந்து வந்ததுதான். என்ஜின் ஓடும்போது ஃபான் காற்று அந்தத் துளியை உடனே சிதறடித்துவிடுவதால், கண்ணுக்கு எதுவும் தெரியாது. என்ஜினை நிறுத்திச் சில நிமிடங்களில் தடவினால் மட்டுமே அகப்படும். சொட்டுகிறதே என்று அந்தத் துளையை அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய் அதைத் தின்றுவிடும். பேரிங் ஆடினால் ஃபான் றேடியேற்றரில் இடித்து அதையும் கிழிக்கும். என்ஜின் நின்றிருக்கும்போது ஃபானின் இதழைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் பம்பை மாற்றுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

என்ஜினின் சூட்டுத் தண்ணீரால் காரின் உள்ளே சூடு தரும் ஹீற்றர் எங்கள் வெயிலில் யாருக்கும் வேண்டாத பொருள் என்பதால் அதை எவரும் பார்ப்பதில்லை. ஒழுக்கு ஒளிந்திருப்பதும் அங்கேதான். எம்.ஜி.பி.யில் ஹீற்றர் வால்வு சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் இருக்கிறது. அதிலிருந்து ஊரும் தண்ணீர் என்ஜின் பக்கமாக இறங்கி, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் இருக்கும் ஹெட் கஸ்கற் என்ற தகட்டில் இருந்து வருவதுபோலத் தோற்றம் காட்டும். வால்வின் அடியில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்காமல் ஹெட்டைக் கழற்ற யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். காரின் உள்ளே கால்வைக்கும் இடத்தில் விரிப்பு நனைந்திருந்தால் ஹீற்றரின் உட்பகுதியையும் சந்தேகிக்கலாம். திறந்த கூரைக் காரில் மழைத்தண்ணீரும் அங்கேதான் தேங்கும். விரலில் வழுவழுப்பும் இனிப்பு மணமும் இருந்தால் கூலன்ற், இல்லாவிட்டால் மழை.

என்ஜின் பிளாக்கின் பக்கங்களில் காசு வடிவில் அடித்து இறக்கிய இரும்புத் தட்டுகள் உள்ளன. உள்ளிருந்து துருப்பிடித்து அவை ஊசித்துளை விடும். சைலன்சர் குழாயின் பக்கத்தில் இருப்பவற்றைக் காணச் சிறு கண்ணாடி ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

அமுக்கம் கொடுத்துப் பார்த்தல்

கண்ணுக்கு அகப்படாத ஒழுக்கை அமுக்கம் காட்டிக்கொடுக்கும். மூடிக்குப் பதிலாக றேடியேற்றர் கழுத்தில் பூட்டும் கைப்பம்பும் அமுக்கமானியும் கொண்ட கருவி இதற்கென்று இருக்கிறது; நல்ல கராச்சில் இருக்கும், இல்லாவிட்டால் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒன்றை வாங்கலாம். மூடியில் பொறித்திருக்கும் அளவு வரை மட்டும் அமுக்கம் ஏற்றுங்கள். ஆரம்பகால எம்.ஜி.பி.யில் அது சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல், பிந்தியவற்றில் 10. அதற்கு மேல் ஏற்றினால் இல்லாத ஒழுக்கை நீங்களே உண்டாக்குவீர்கள். சைக்கிள் பம்பால் இதைச் செய்ய முயலாதீர்கள். எவ்வளவு ஏறியது என்பதைக் கை சொல்லாது.

ஏற்றிய பின் பதினைந்து நிமிடம் பொறுத்திருங்கள். ரியூப் ஒட்டுபவர் தண்ணீர்த் தொட்டிக்குள் ரியூப்பை அமுக்கிவிட்டு, அவசரப்படாமல் குமிழிக்காகக் காத்திருப்பாரே, அந்தப் பொறுமைதான் இங்கேயும் வேண்டும். மானி இறங்காவிட்டால் குளிர்ந்த நிலையில் ஒழுக்கு இல்லை. இறங்கியும் வெளியே எங்கும் ஈரம் இல்லையானால் தண்ணீர் என்ஜினுக்குள் போகிறது. சில வெடிப்புகள் இரும்பு விரிந்த பிறகே வாய் திறக்கும் என்பதால், என்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது இன்னொரு முறை சோதிப்பது நல்லது.

அதே கருவியால் மூடியையும் சோதியுங்கள். மூடி சிறியது, மலிவானது. அதனால்தான் எவரும் அதைச் சந்தேகிப்பதில்லை. 10 இறாத்தல் அமுக்கத்தில் வெறும் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 115 பாகை செல்சியஸுக்கு உயர்கிறது. மூடியின் வில் தளர்ந்து அமுக்கம் பிடிக்காமல் போனால் அந்தப் பதினைந்து பாகையும் போய்விடும். என்ஜின் சாதாரணச் சூட்டில் இருந்தாலும் ஏறுவெயிலில் நிறுத்தியவுடன் குழாயால் கொதித்து ஊற்றும். றப்பர் வளையம் வெடித்திருந்தால் சோதிக்கவே வேண்டாம், புதிதாகப் போடுங்கள். ஆனால் சூடேறும் காருக்கு வலுவான மூடி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து, 7 இருந்த இடத்தில் 15 போடாதீர்கள். ஐம்பது வருடப் பழைய ஈயப் பற்றும் ஹீற்றரும் அதைத் தாங்கா.

தண்ணீர் உள்ளே போகிறதென்றால்

ஹெட் கஸ்கற் என்ற சொல்லைக் கேட்டதும் புதியவர்களின் முகம் வாடிவிடுகிறது. இந்த என்ஜினில் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. அலுமினிய ஹெட்டைப்போல் எளிதில் வளைவதில்லை. கஸ்கற் மாற்றுவதும் பழகியவருக்கு ஒருநாள் வேலை. ஆகவே பயப்படத் தேவையில்லை, உறுதிப்படுத்திக்கொள்வதே தேவை.

குளிர்ந்த என்ஜினில் தேர்மோஸ்ரற்றைத் தற்காலிகமாகக் கழற்றி, அதன் மூடியைத் திரும்பப் பூட்டி, ஃபான் பெல்ற்றையும் கழற்றி, றேடியேற்றரைக் கழுத்து வரை நிரப்பி, மூடியைத் திறந்தபடியே என்ஜினைத் தொடங்குங்கள். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையாமல் நிற்கும். தொடங்கிய உடனேயே குமிழிகள் இடைவிடாமல் மேலெழுந்தால், அது எரிந்த வாயு சிலிண்டரிலிருந்து தண்ணீர்ப் பாதைக்குள் தப்பி வருவது. முதலில் வரும் ஓரிரு குமிழி உள்ளே தேங்கியிருந்த காற்றாக இருக்கலாம். அடங்குகிறதா தொடர்கிறதா என்பதே முக்கியம். பம்ப் ஓடாத இந்த நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் என்ஜினை ஓட விடாதீர்கள். சந்தேகம் மிஞ்சினால், றேடியேற்றர் வாயில் எழும் வாயுவை நீலத் திரவத்தினூடாக இழுத்துப் பார்க்கும் சோதனைக் குழாய் இருக்கிறது. எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும்.

ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக அடுக்குங்கள். மூன்று பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் வெண்மையாகவும் இருந்தால் தண்ணீர் அந்தச் சிலிண்டரில் போகிறது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டில் மட்டும் கொம்பிரெஷன், அதாவது உள்ளே ஏறும் அமுக்கம், குறைவாக இருந்தால் கஸ்கற் அவற்றின் இடையில் போயிருக்கிறது. ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால்நிறக் களிம்பு இருப்பதும் அடையாளம்தான். ஆனால் கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடி, முழுச்சூட்டை எட்டாத காரில் வெறும் ஈரக்கசிவாலும் அந்தக் களிம்பு வரும். அதுபோலவே மார்கழிப் பனியில் காலையில் சைலன்சரிலிருந்து வரும் வெள்ளைப் புகை இயல்பானது. என்ஜின் நன்றாகச் சூடான பின்பும் நிற்காமல் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

தண்ணீர் குறையாமலே சூடேறினால்

முள் எப்போது ஏறுகிறது என்பதைக் கொப்பியில் பார்த்தால் பாதி விடை அங்கேயே இருக்கும். அதற்கு முன் முள் சொல்வது உண்மையா என்று தெரிந்துகொள்ளுங்கள். பல பழைய கார்களில் மானியிலிருந்து என்ஜின் வரை ஒரு நுண்குழாய் ஓடுகிறது. அதை மடிக்காமல், முறிக்காமல் நுனியைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் முள் காட்டும் இடம் 100 பாகை என்று அறியலாம். தொடாமல் வெப்பம் அளக்கும் சிறு கருவி இருந்தால் இன்னும் இலகு.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் ஊர்ந்து போகும்போது மட்டும் சூடேறி, ஏ9 வீதியில் ஆனையிறவை நோக்கி ஓடும்போது இறங்குகிறது என்றால், குறைவது காற்று. ஃபான் பெல்ற்றின் நீண்ட பக்கத்தின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் அமிழ வேண்டும்; அதற்கு மேல் என்றால் தளர்வு. பம்ப் மாற்றியபோது ஃபானைத் திருப்பிப் பூட்டிவிட்டார்களா என்று பாருங்கள். திருப்பிப் பூட்டினாலும் காற்று என்ஜின் பக்கமே போகும், ஆனால் இழுப்பு வலுவிழக்கும். 1976இன் பிற்பகுதியிலிருந்து வந்தவற்றில் மின் ஃபான் இருக்கிறது. அது சுற்றாவிட்டால் வெப்ப சுவிச்சின் இரு வயர்களையும் இணைத்துப் பாருங்கள்; அப்போது சுற்றினால் பழுது சுவிச்சில்தான்.

ஊருக்குள் அமைதியாக இருந்து, ஆனையிறவு வெளியில் வேகம் எடுத்தபின் முள் ஏறினால், குறைவது தண்ணீரின் ஓட்டம். இங்கேதான் றேடியேற்றர் உண்மையில் குற்றவாளியாக இருக்கக்கூடும். சூடான காரை நிறுத்தி, என்ஜினை அணைத்து, மின் ஃபான் உள்ள காரில் பற்றரி வயரையும் கழற்றிவிட்டு, றேடியேற்றரின் முகத்தில் உள்ளங்கையை மெதுவாக நகர்த்துங்கள். மேலே சூடும் கீழே சற்றுக் குறைந்த சூடும் இயல்பு. நடுவில் பட்டை பட்டையாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அந்தக் குழாய்கள் சுண்ணாம்பாலும் துருவாலும் அடைபட்டவை. செம்பும் பித்தளையுமான பழைய றேடியேற்றரின் நன்மை, தொட்டியைக் கழற்றிக் குழாய்களைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து மீண்டும் ஈயம் வைத்து மூடலாம் என்பது. அதற்கு முன் கீழ் ஹோஸையும் பாருங்கள். நண்பரை என்ஜினை வேகமாக ஓட்டச் சொல்லி, ஃபானிலிருந்து கையையும் சட்டையையும் விலக்கிவைத்துக் கவனித்தால், தளர்ந்த ஹோஸ் பம்பின் இழுப்பில் உறிஞ்சுகுழாய்போல் ஒட்டிக்கொள்வது தெரியும்.

இரண்டு நிலையிலும் சூடேறினால் ரைமிங்கை, அதாவது ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரத்தை, பாருங்கள். தட்டாமல் எரியும் தன்மையைக் காட்டும் ஒக்ரேன் அளவு மண்ணெண்ணெயில் குறைவு என்பதால் அதில் ஓடிய கார்களில் தட்டல் கேளாதிருக்க ரைமிங்கைப் பின்தள்ளி வைப்பதுண்டு. அந்தக் காலத்து அமைப்பை யாரும் திருத்தாமல் விட்டிருந்தால், பெற்றோலில் ஓடும் இன்றும் வெப்பம் தேவையின்றிச் சிலிண்டர் சுவரில் இறங்கும். கார்பரேற்றர் பெற்றோலைக் குறைவாகக் கொடுத்தாலும் இதே விளைவுதான்.

தொடங்கிய சில நிமிடங்களிலேயே முள் ஏறி, றேடியேற்றர் குளிர்ந்தே இருந்தால் தேர்மோஸ்ரற் திறக்கவில்லை. அதைக் கழற்றி, நூலில் கட்டி, வெப்பமானியோடு ஒரு சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். சட்டியின் அடியில் படாமல் தொங்க வேண்டும். பொறித்திருக்கும் வெப்பநிலையை அண்மிக்கும்போது நடுத்தட்டு மெல்ல மெல்ல விலகி, ஒரு பிறைபோல வெளிச்சம் தெரியும், பிறகு அகலும். அப்படியே ஆறவிட்டால் மூட வேண்டும். அந்தச் சட்டியை மீண்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள். எம்.ஜி.பி.க்கு வழக்கமானது 82 பாகை. வெப்ப நாடுகளுக்கு 74 பாகையில் திறப்பதைத் தொழிற்சாலையே குறிப்பிட்டிருக்கிறது, எங்களுக்கு அதுவே பொருத்தம்.

சூட்டு நாடுதானே என்று தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிடுவது இங்கே பரவலான வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதில்லாத என்ஜின் தன் வேலைச் சூட்டை அடைய நெடுநேரம் எடுக்கும். அதுவரை பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும், ஒயிலில் ஈரம் தங்கும், சிலிண்டர் தேயும். அடைபட்ட றேடியேற்றரின் பழுதையும் அது சில மாதங்களுக்கு மறைத்துவைக்கும்.

கழுவலும் நிரப்பலும்

பழுதைத் திருத்திய பின் பழைய தண்ணீரை முழுதாக வெளியேற்றுங்கள். றேடியேற்றரின் அடியில் மட்டுமன்றி, பிளாக்கின் பின்பக்கத்தில் டிஸ்ரிபியூற்றர் இருக்கும் பக்கமாகவும் ஒரு வடிகுழாய் உண்டு. திறந்தாலும் ஒன்றும் வராது, சேறு அடைத்திருக்கும். கம்பியால் குத்தினால் செம்மண் கரைசல்போல் துரு வரும். தெளிந்த தண்ணீர் வரும் வரை கழுவுங்கள்.

நிரப்புவதற்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். எங்கள் ஊர் முதியவர்கள் இதை மறுப்பார்கள், நாங்கள் கிணற்றுத் தண்ணீரில்தானே ஓட்டினோம் என்பார்கள். அடைபட்ட குழாய்களைக் குத்தி எடுப்பதும் அந்தக் கார்களிலிருந்துதான். பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர் எளிதில் கிடைக்கிறது. முழு அமைப்புக்கும் ஏறத்தாழ ஐந்தரை லீற்றரே தேவை. அதில் மூன்றிலொரு பங்கு கூலன்ற் கலவுங்கள். எங்களுக்கு உறைபனி இல்லை, ஆனால் துருவைத் தடுப்பதும் கொதிநிலையைச் சற்று உயர்த்துவதும் அதுதான். பித்தளையும் ஈயமும் உள்ள பழைய கார்களுக்கென்று குறிப்பிட்ட பழைய வகைப் பச்சைக் கூலன்ற்றையே வாங்குங்கள். வேறு வகையோடு கலக்காதீர்கள். வடித்த கூலன்ற்றை முற்றத்தில் ஊற்றுவது பெரிய தவறு. அது இனிப்பான நஞ்சு. ஆடும் நாயும் கோழியும் நக்கிக் குடித்துச் சாகும்.

நிரப்பும்போது ஹீற்றர் வால்வைத் திறந்து வையுங்கள். காரின் முன்பகுதி உயர்ந்திருந்தால் உள்ளே சிக்கிய காற்று கழுத்தால் வெளியேறும். எங்கள் ஊரில் மேடு கிடையாது என்பதால் சேர்விஸ் நிலையத்துச் சரிவில் ஏற்றலாம், அல்லது ஜாக்கி வைத்து உயர்த்திப் பத்திரமாகத் தாங்கு வைக்கலாம். மேல் ஹோஸைப் பிசைந்து பிசைந்து குமிழி நிற்கும் வரை விடுங்கள். தேர்மோஸ்ரற் திறந்த பின் மட்டம் இறங்கும், அப்போது மிகுதியை விட்டு மூடியைப் பூட்டுங்கள்.

வழியில் முள் ஏறினால்

ஓடிக்கொண்டிருக்கும்போது முள் ஏறத் தொடங்கினால் ஹீற்றரை முழுவதும் திறந்து அதன் ஃபானையும் போடுங்கள். வெயிலில் அது கொடுமைதான். ஆனால் அது ஒரு சிறு றேடியேற்றர்போல் வேலை செய்து, நிழல் கிடைக்கும் வரை உங்களைக் கொண்டுபோகும். இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, பொனற்றைத் திறந்து, குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். சூடான வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கும். ஆறிய பின்பும் என்ஜினை ஓடவிட்டபடியே சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

ஒழுகும் றேடியேற்றரில் மஞ்சள் தூள் போடுவது எங்கள் பக்கத்துப் பழைய கைவைத்தியம். ஊசித்துளையை அது அடைப்பது உண்மை. நானும் பளைக்குக் கிட்ட ஒருமுறை அதனால் வீடு வந்து சேர்ந்திருக்கிறேன். ஆனால் துளையை அடைக்கும் தூளுக்கு நல்ல குழாய் எது என்று தெரியாது. வீடு வந்த மறுநாளே முழுதாக வடித்துக் கழுவி, துளையை ஈயம் வைத்து அடையுங்கள். காரில் எப்போதும் இரண்டு போத்தல் வடித்த தண்ணீர், ஒரு மேல் ஹோஸ், ஒரு ஃபான் பெல்ற், இரண்டு கிளிப், ஒரு திருகாணிச் செலுத்தி, ஒரு தடித்த துணி ஆகியவற்றோடு, அந்த ஈர்க்கும் கொப்பியும் இருக்கட்டும்.